தோற்றுக்கொண்டே வென்ற போர்: அமெரிக்க விடுதலைப் போரின் முக்கியக் களங்கள்

அமெரிக்க சுதந்திரப் போரில் எந்தெந்தச் சண்டைகள் முக்கியமானவை, ஜார்ஜ் வாஷிங்டன் வென்றதைவிடத் தோற்றதே அதிகம் என்கிறார்களே, அப்புறம் எப்படி விடுதலை கிடைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு விடை பிடிபட்டால்தான் முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1775 முதல் 1783 வரை எட்டு ஆண்டுகள் நடந்த போர் இது. பிரிட்டன் வெல்ல வேண்டுமானால் பதின்மூன்று குடியேற்றங்களையும் பிடிக்க வேண்டும், பிடித்த இடத்தில் ஆட்சியும் நடத்திக் காட்ட வேண்டும். எதிர்த்தரப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்களுடைய படை கலையாமல் இருந்தாலே போதும். நியூயார்க், பிலடெல்பியா, சவானா, சார்ல்ஸ்டன் என்று பெரிய துறைமுகங்கள் ஒவ்வொன்றாகப் பிரிட்டிஷார் கைக்குப் போயின. ஆனாலும் போர் முடியவில்லை. ஊர் போனால் போகட்டும், படை இருக்கிறதா என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கை வாஷிங்டன் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார். ஆகவே யார் வென்றார்கள் என்று மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் தவறிவிடுவோம். சண்டை முடிந்த மறுநாள் என்ன மாறியிருந்தது என்று பார்க்க வேண்டும்.

தொடக்கம் லெக்சிங்டனும் கான்கார்டும். கான்கார்டில் ஊர்க்காரர்கள் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்களைக் கைப்பற்ற, பாஸ்டனில் இருந்த பிரிட்டிஷ் தளபதி தாமஸ் கேஜ் சுமார் 700 சிப்பாய்களை ராத்திரியில் அனுப்பினார். பால் ரெவியரும் இன்னும் சிலரும் குதிரையில் முந்திப்போய் வழிநெடுக எச்சரித்துவிட்டார்கள். 1775 ஏப்ரல் 19 விடியற்காலையில் லெக்சிங்டன் ஊர்ப் புல்வெளியில் ஜான் பார்க்கர் தலைமையில் எழுபது எண்பது பேர் துப்பாக்கியோடு நின்றார்கள். முதல் குண்டைச் சுட்டது யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. ஊர்க்காரர்களில் எட்டுப் பேர் செத்தார்கள். ஆனால் அந்த நாளின் உண்மையான சண்டை, சிப்பாய்கள் கான்கார்டிலிருந்து திரும்பும் வழியில் நடந்தது. சுற்றுவட்டாரத்து ஊர்ப்படைகளெல்லாம் திரண்டு வந்து, கல் வேலிக்குப் பின்னாலும் மரத்துக்குப் பின்னாலும் இருந்து சுட்டார்கள். பாஸ்டன் போய்ச் சேர்வதற்குள் பிரிட்டிஷ் தரப்பில் 73 பேர் செத்திருந்தார்கள், 174 பேருக்குக் காயம். ஆயுதம் தேடிப் போன அரசுப் படை ஆயிரக்கணக்கானவர்களால் பாஸ்டனுக்குள்ளேயே முற்றுகையிடப்பட்டுக் கிடந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஜூன் 17 அன்று, பங்கர் ஹில் சண்டை. பெயர்தான் பங்கர் ஹில், சண்டை பெரும்பாலும் நடந்தது பக்கத்துக் குன்றான பிரீட்ஸ் ஹில்லில். ஒரே ராத்திரியில் மண்ணால் அரண் கட்டிக்கொண்டு காத்திருந்த ஊர்ப்படையை நோக்கி, வில்லியம் ஹோவின் சிப்பாய்கள் வரிசை கலையாமல் ஏறினார்கள். இரண்டு முறை சுட்டு விரட்டப்பட்டார்கள். மூன்றாவது முறை மேலே இருந்தவர்களிடம் வெடிமருந்து தீர்ந்துபோயிருந்தது, குன்று பிரிட்டிஷ் வசமானது. கணக்குப்படி இது பிரிட்டிஷ் வெற்றி. அதற்கு அவர்கள் கொடுத்த விலை, செத்தவர் காயப்பட்டவர் சேர்த்து ஆயிரத்துக்கும் மேல். எதிர்த்தரப்புக்கு ஏறக்குறைய 450. அரண் கட்டிக்கொண்டு நிற்பவர்களை நேருக்கு நேர் தாக்க ஹோ அதற்கப்புறம் தயங்கினார் என்று பல வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அவர் நடந்துகொண்டதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பாஸ்டன் முற்றுகையை முடித்து வைத்தவர் ஹென்றி நாக்ஸ் என்ற 25 வயதுப் புத்தகக் கடைக்காரர். பீரங்கியைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் புத்தகத்தில் படித்ததுதான். டைகொண்டரோகா கோட்டையில் கிடந்த சுமார் 60 பீரங்கிகளைக் கடுங்குளிரில், பனிச்சறுக்கு வண்டிகளில் மாடுகளைப் பூட்டி, 300 மைல் இழுத்து வந்தார். 1776 மார்ச்சில் அவை டார்செஸ்டர் குன்றுகளில் இரவோடு இரவாக ஏறின. பிரிட்டிஷ் படை கப்பலேறிப் போய்விட்டது.

சரி, இனி 1776 கோடை. அதுவரை கிடைத்த வெற்றியெல்லாம் நியூயார்க்கில் கரைந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களோடு ஹோ வந்து இறங்கினார். ஆகஸ்ட் 27 அன்று லாங் ஐலண்டில், காவல் இல்லாமல் விடப்பட்டிருந்த ஜமைக்கா கணவாய் வழியாக ராத்திரியில் சுற்றி வந்து பின்பக்கமிருந்து அடித்தார். வாஷிங்டனின் படை புரூக்ளின் கரையில் ஆற்றுக்கு முதுகு காட்டி மாட்டிக்கொண்டது. அன்றே ஹோ தொடர்ந்து அடித்திருந்தால் போர் அங்கேயே முடிந்திருக்கலாம். அவரோ பதுங்குகுழி வெட்டி நிதானமாக நெருங்க முடிவு செய்தார். அந்த இடைவெளியில், ஆகஸ்ட் 29 இரவு, மார்பிள்ஹெட் ஊர் மீனவர்களைக் கொண்ட ஜான் குளோவரின் படைப்பிரிவு சுமார் 9,000 பேரைப் படகில் மறுகரை சேர்த்தது. விடியும் நேரத்தில் மூடுபனி வேறு இறங்கி மறைத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் இந்தப் போரின் மிக முக்கியமான இரவுகளில் ஒன்று இது. ஒரு குண்டுகூடச் சுடாமல் ஒரு படை பிழைத்த இரவு.

பிழைத்த படை நாளுக்கு நாள் தேய்ந்தது. நவம்பரில் வாஷிங்டன் கோட்டை விழுந்து சுமார் 2,800 பேர் கைதானார்கள். மிச்சமிருந்தவர்கள் நியூஜெர்சி முழுக்கப் பின்வாங்கி, டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவில் ஒதுங்கினார்கள். பலருடைய ஒப்பந்தம் டிசம்பர் 31 உடன் முடிகிறது, நிறையப் பேருக்குக் காலில் செருப்பில்லை. புத்தாண்டு பிறந்தால் படையே இருக்காது என்ற நிலை.

டிரென்டன் தாக்குதல் அந்த நெருக்கடியில் பிறந்த திட்டம். டிசம்பர் 25 பொழுது சாயும் நேரத்தில் 2,400 பேரும் 18 பீரங்கிகளும் ஆற்றைக் கடக்கத் தொடங்கினார்கள். இரும்புத் தாது ஏற்றும் நீளப் படகுகள், துடுப்புப் பிடித்தவர்கள் மறுபடியும் அந்த மார்பிள்ஹெட் மீனவர்கள். ஆற்றில் பனிக்கட்டிப் பாளங்கள் மிதந்து வந்து மோதுகின்றன, மேலே ஆலங்கட்டியும் பனியும் கலந்து அடிக்கிறது. நள்ளிரவுக்குள் கடந்திருக்க வேண்டிய படை மூன்று மணிக்குத்தான் கடந்து முடித்தது. வேறு இரண்டு இடங்களில் கடக்க வேண்டிய துணைப்படைகளால் திட்டப்படி வந்து சேரவே முடியவில்லை. விடிவதற்குமுன் தாக்குவது இனி நடக்காது என்று தெரிந்தும் வாஷிங்டன் திரும்பவில்லை. ஒன்பது மைல் நடை. வழியில் உட்கார்ந்த இரண்டு பேர் குளிரில் விறைத்துச் செத்தார்கள்.

டிரென்டனில் இருந்தவர்கள் பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய ஜெர்மானியச் சிப்பாய்கள், ஹெஸ்ஸியர்கள், ஏறக்குறைய 1,500 பேர். கிறிஸ்துமஸ் போதையில் கிடந்தார்கள் என்ற கதையை நிறையப் பேர் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. ஊர்ப்படைகளின் ஓயாத தொல்லையால் பல நாள் சரியாகத் தூங்காமல் களைத்துப் போயிருந்தார்கள் என்பதுதான் உண்மை. அந்தப் புயலில் யாரும் வரமாட்டார்கள் என்று நம்பினார்கள். காலை எட்டு மணிக்குத் தெருமுனைகளில் நாக்ஸின் பீரங்கிகள் முழங்கின. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அவர்கள் தளபதி ரால் படுகாயமடைந்து இறந்தார், சுமார் 900 பேர் கைதானார்கள். அமெரிக்கத் தரப்பில் சண்டையில் ஒருவர்கூடச் சாகவில்லை.

ராணுவக் கணக்கில் டிரென்டன் சின்ன சண்டை. ஆனால் அதன் பிறகு வாஷிங்டன் தன் ஆட்களிடம் இன்னும் ஆறு வாரம் இருங்கள், தலைக்குப் பத்து டாலர் தருகிறேன் என்று கேட்டபோது, பலர் இருந்தார்கள். ஒரு வாரத்தில், ஜனவரி 3 அன்று, முகாமில் நெருப்பை எரியவிட்டுவிட்டுப் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் மூக்குக்குக் கீழே நழுவிப் போய்ப் பிரின்ஸ்டனில் இன்னொரு பிரிட்டிஷ் படையை அடித்தார். இந்தக் கார்ன்வாலிஸ் பெயரை நினைவில் வையுங்கள்.

அடுத்தது சரடோகா, 1777. திருப்புமுனை என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பிரிட்டிஷ் தளபதி ஜான் பர்காய்ன் கனடாவிலிருந்து தெற்கே இறங்கி ஆல்பனியைப் பிடித்து, நியூ இங்கிலாந்தை மற்றக் குடியேற்றங்களிலிருந்து வெட்டிவிட வேண்டும் என்பது திட்டம். தெற்கேயிருந்து ஹோ வந்து கைகோத்திருக்க வேண்டும். ஹோவோ கடல்வழியாகப் பிலடெல்பியாவைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். லண்டனிலிருந்து இரண்டு தளபதிகளுக்கும் போன உத்தரவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஹோ பிராண்டிவைனில் வாஷிங்டனைத் தோற்கடித்துப் பிலடெல்பியாவைப் பிடித்தார்தான். ஆனால் அந்த நேரத்தில் பர்காய்ன் காட்டுக்குள் தனியாக மாட்டியிருந்தார். அமெரிக்கர்கள் பாதையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்துப் பாலங்களை உடைத்து வைத்திருந்ததால், இருபது சொச்சம் மைலைக் கடக்க அவருக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. தீனியும் குதிரையும் தேடி பென்னிங்டன் பக்கம் அனுப்பிய படையில் சுமார் 900 பேர் போனார்கள்.

செப்டம்பர் 19 அன்று ஃபிரீமன் பண்ணையில் டேனியல் மார்கனின் துப்பாக்கிக்காரர்கள் மரமறைவிலிருந்து அதிகாரிகளாகப் பார்த்துச் சுட்டார்கள். அக்டோபர் 7 அன்று பெமிஸ் குன்றுக்கு அருகே இரண்டாவது சண்டை. அந்தக் குன்றுக்கு அரண் அமைத்தவர் போலந்துப் பொறியாளர் கோஸ்சியூஸ்கோ. அமெரிக்க வடக்குப் படையின் தளபதி ஹொராஷியோ கேட்ஸ் முகாமில் இருக்க, அவரோடு பிணங்கிப் பொறுப்பு இழந்திருந்த பெனடிக்ட் ஆர்னால்ட் குதிரையேறிக் களத்துக்குள் பாய்ந்து பிரிட்டிஷ் அரணைப் பிளந்தார். காலில் குண்டு பாய்ந்தது. மூன்று ஆண்டு கழித்து அதே ஆர்னால்ட் வெஸ்ட் பாயிண்ட் கோட்டையைக் காட்டிக்கொடுக்கப் பேரம் பேசிப் பிரிட்டிஷ் பக்கம் போனார். சரடோகாவில் அவருக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. அதில் ஒற்றைப் பூட்ஸ் மட்டும் செதுக்கியிருக்கும், பெயர் இருக்காது.

அக்டோபர் 17 அன்று பர்காய்ன் சுமார் 5,900 பேரோடு சரணடைந்தார். செய்தி டிசம்பரில் பாரிஸ் போய்ச் சேர்ந்தது. பென்ஜமின் ஃபிராங்க்ளின் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். அதுவரை மறைமுகமாக வெடிமருந்து அனுப்பிக்கொண்டிருந்த பிரான்ஸ், 1778 பிப்ரவரி 6 அன்று முறைப்படி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அதோடு இது உள்நாட்டுக் கலகம் என்ற நிலை மாறி உலகப் போர் ஆகிவிட்டது. பிரிட்டன் இனி மேற்கிந்தியத் தீவுகளையும் ஜிப்ரால்டரையும் இந்தியாவையும் சேர்த்துக் காக்க வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் பசியாலும் காய்ச்சலாலும் சுமார் 2,000 பேர் செத்தார்கள். அங்கேதான் ஃபான் ஸ்டூபன் என்ற பிரஷ்ய அதிகாரி படைக்கு முறையான பயிற்சி கொடுத்தார். வாஷிங்டன் இன்னொரு காரியமும் செய்தார், அதை யாரும் சண்டைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பெரியம்மைக்கு எதிராகப் படை முழுவதற்கும் அம்மை குத்த 1777இல் உத்தரவிட்டார். குண்டைவிட நோய்க்குப் பலியானவர்களே அதிகமாக இருந்த போரில், அந்த முடிவு ஒரு பெரிய வெற்றிக்குச் சமம்.

வடக்கே முட்டுக்கட்டை விழுந்ததும் பிரிட்டன் தெற்கே திரும்பியது. 1780 மே 12 அன்று சார்ல்ஸ்டனில் அமெரிக்கத் தளபதி பென்ஜமின் லிங்கனின் 5,000 சொச்சம் பேர் சரணடைந்தார்கள். ஆகஸ்டில் கேம்டனில் சரடோகா புகழ் கேட்ஸ் படுதோல்வி அடைந்து குதிரையில் ஓடினார். தெற்கு முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். அக்டோபரில் கிங்ஸ் மௌன்டனில் மலைநாட்டுக்காரர்கள் திரண்டு பிரிட்டிஷ் அதிகாரி ஃபெர்குசனின் படையைச் சுற்றி வளைத்து அழித்தார்கள். அந்தச் சண்டையில் பிரிட்டனிலிருந்து வந்தவர் ஃபெர்குசன் மட்டும்தான் என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் செத்தவர்கள் அமெரிக்கர்களே. மன்னர் பக்கம் நின்ற குடியேற்றவாசிகளும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தெற்கே இது பங்காளிச் சண்டைதான்.

1781 ஜனவரி 17 அன்று நடந்த கௌபென்ஸ் சண்டை, ஆட்களின் மனசைப் புரிந்துகொண்டு வகுத்த வியூகத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. மாடு மேய்க்கும் வெளியில் மார்கன் படையை நிறுத்தினார். ஊர்ப்படைக்காரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியைக் கண்டால் ஓடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஓடாதே என்று கட்டளை போடாமல், முதல்நாள் இரவு நெருப்பு மூட்டிய இடமெல்லாம் போய் உட்கார்ந்து பேசினார். இளம்வயதில் பிரிட்டிஷ் படையில் வாங்கிய சவுக்கடித் தழும்புகளைக் காட்டினார். இரண்டு மூன்று தடவை குறி பார்த்துச் சுடுங்கள், அப்புறம் பின்னால் போய்விடலாம் என்றார். காலையில் அவர்கள் சொன்னபடி சுட்டுவிட்டுப் பின்னால் போனார்கள். எதிரி ஓடுகிறான் என்று நினைத்துப் பிரிட்டிஷ் தளபதி டார்ல்டனின் படை தலைதெறிக்கப் பாய்ந்து, காத்திருந்த தேர்ந்த சிப்பாய்களிடம் மாட்டியது. பக்கத்திலிருந்து குதிரைப்படை வளைத்தது. ஒரு மணி நேரத்தில் டார்ல்டன் தன் 1,100 பேரில் 800க்கும் மேல் இழந்தார்.

கோபம் கொண்ட கார்ன்வாலிஸ் வேகமாகத் துரத்துவதற்காகத் தன் படையின் கூடாரம், வண்டி, சாமான்களையே எரித்தார். தெற்கே அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய நதானியேல் கிரீன் அவரை வட கரோலினா முழுக்க இழுத்தடித்து, மார்ச் 15 அன்று கில்ஃபோர்டில் நின்று சண்டை கொடுத்து, களத்தைவிட்டு விலகினார். வென்றது கார்ன்வாலிஸ். அவரிடம் இருந்த 1,900 பேரில் 500க்கும் மேற்பட்டவர்கள் செத்தோ காயப்பட்டோ கிடந்தார்கள். பங்கர் ஹில் கதையேதான். கிரீன் அந்த ஆண்டு முழுக்க ஒரு பெரிய சண்டையில்கூடத் தெளிவாக வெல்லவில்லை. சண்டை போடுகிறோம், அடி வாங்குகிறோம், எழுந்து மறுபடி சண்டை போடுகிறோம் என்று பிரெஞ்சுத் தூதருக்கு எழுதினார். ஆனால் ஆண்டு முடிவதற்குள் தெற்கே சில கடற்கரை ஊர்களைத் தவிர எல்லாம் பிரிட்டன் கையைவிட்டுப் போயிருந்தது. வாஷிங்டன் எப்படி வென்றார் என்ற உங்கள் கேள்விக்கு விடை கிரீனின் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

களைத்த கார்ன்வாலிஸ் வர்ஜீனியா போய் யார்க்டவுனில் கடலை நம்பி உட்கார்ந்தார். அந்தக் கடலே கைவிட்டது. பிரெஞ்சுத் தளபதி டி கிராஸ் பெரும் கப்பற்படையோடு செசபீக் விரிகுடாவுக்கு வருகிறார் என்று தகவல் வந்ததும், வாஷிங்டனும் பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி ரோஷம்போவும் நியூயார்க்கைத் தாக்கப்போவதாகப் போக்குக் காட்டிவிட்டுத் தெற்கே நடந்தார்கள். ஏமாற்றுவதற்காக நியூஜெர்சியில் ரொட்டி அடுப்புகள்கூடக் கட்டினார்கள். 1781 செப்டம்பர் 5 அன்று விரிகுடா வாயிலில் 24 பிரெஞ்சுக் கப்பல்களும் 19 பிரிட்டிஷ் கப்பல்களும் மோதின. இரண்டு மணி நேரச் சண்டை, பிரிட்டிஷ் கப்பல்கள் நியூயார்க் திரும்பின. அமெரிக்க விடுதலையைத் தீர்மானித்த இந்தக் கடற்சண்டையில் ஓர் அமெரிக்கக் கப்பல்கூட இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது முற்றுகைக் கணக்கு. அக்டோபர் 9 முதல் பீரங்கி அடி. 14 இரவு அலெக்சாண்டர் ஹாமில்டன் தலைமையில் ஒரு படை, துப்பாக்கியில் மருந்தே போடாமல் முனைக் கத்தியை மட்டும் நம்பிப் பத்தாம் எண் கொத்தளத்தின் மேல் ஏறியது. பக்கத்துக் கொத்தளத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். ஹாமில்டனோடு ஏறியவர்களில் ரோட் ஐலண்ட் படைப்பிரிவின் கறுப்பினச் சிப்பாய்களும் உண்டு. 17 காலை, சரடோகா சரணடைந்து சரியாக நான்கு ஆண்டு நிறைந்த நாளில், கொத்தளத்தின் மேல் ஒரு முரசுப் பையன் வந்து நின்றான். பின்னாலேயே வெள்ளைக் கைக்குட்டையோடு ஓர் அதிகாரி. இரண்டு நாளில் 7,000க்கும் மேற்பட்டோர் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். உடம்பு சரியில்லை என்று கார்ன்வாலிஸ் வரவில்லை. அவர் சார்பில் வந்த ஓஹாராவை, வாஷிங்டன் தன் துணைத் தளபதி லிங்கனிடம் அனுப்பினார். சார்ல்ஸ்டனில் மரியாதை மறுக்கப்பட்டுச் சரணடைந்த அதே லிங்கன்.

யார்க்டவுனைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. பிரிட்டிஷ் பக்கம் போனால் விடுதலை என்று நம்பி, வர்ஜீனியத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான அடிமைகள் கார்ன்வாலிஸின் படையோடு சேர்ந்திருந்தார்கள். அவருக்காக அகழி வெட்டியவர்கள் அவர்கள். சாப்பாடு குறைந்து, பெரியம்மையும் பரவியதும், அவர் அவர்களை வெளியே துரத்தினார். இரண்டு படைகளுக்கும் நடுவே காட்டில் விழுந்து செத்தார்கள். வெற்றிக்குப் பின் வாஷிங்டன், பிழைத்திருந்தவர்களைப் பிடித்து எஜமானர்களிடம் ஒப்படைக்க உத்தரவிட்டார். அவருடைய தோட்டத்திலிருந்து ஓடியவர்களும் அதில் இருந்தார்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று பிரகடனம் செய்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது.

பெரும்பாலான நூல்கள் யார்க்டவுனோடு நிறுத்திவிடும். போர் அங்கே நிற்கவில்லை. பிரான்ஸ் போரில் இறங்கியதும் ஆங்கிலேயர் 1778இல் புதுச்சேரியையும் அடுத்த ஆண்டு மாஹேயையும் பிடித்தார்கள். ஹைதர் அலி 1780இல், அன்று கர்நாடகம் என்று சொல்லப்பட்ட தமிழகப் பகுதிக்குள் இறங்கியதற்கு மாஹே ஒரு முக்கியக் காரணம். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை ஏறக்குறைய முழுதாக அழிந்தது. ஹைதரின் பெயர் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போயிருந்தது. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில், தன்னைவிடப் பலமான பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்த பென்சில்வேனியக் கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'.

கடைசிச் சண்டை நம் கடலூரில். 1783 ஜூனில் அங்கே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். ஜூன் 20 அன்று பிரெஞ்சுக் கடற்தளபதி சுஃப்ரனின் கப்பல்களும் பிரிட்டிஷ் கடற்தளபதி ஹ்யூஸின் கப்பல்களும் கடலூருக்கு எதிரே மோதின, 25 அன்று பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையிலிருந்து வெளிவந்து தாக்கினார்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானப் பூர்வாங்க ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கடலூர் வந்துசேர ஜூன் கடைசி ஆனது. அதற்குள் செத்தவர்களில் பலர் நம் ஊர்ச் சிப்பாய்கள்.

யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ் 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். 1791இல் சீரங்கப்பட்டணம் வரை போய், தீனி இல்லாமல், கரோலினாவில் சாமான்களை எரித்ததுபோலவே முற்றுகைப் பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுத் திரும்பினார். ஆனால் மறு ஆண்டு ஏற்பாட்டோடு வந்து வென்று, திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கிக்கொண்டார். சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அவருடைய வெள்ளைச் சலவைக்கல் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பீடத்தைப் பாருங்கள், அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியைத்தான் செதுக்கியிருக்கிறார்கள்.